அநுபவமும் பிரமாணமும்: அருட்பா – மருட்பா விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

சமய உண்மையை ஒருவர் தமது சொந்த அநுபவத்தின் வாயிலாக அறிய முடியுமா என்னும் வினா பெரும்பாலும் மெய்யியலாளரின் ஆராய்ச்சிக்கே விடப்பட்டு வந்துள்ளது. ‘யான் கண்டேன்’ என ஒருவர் கூறுமிடத்து அக்காட்சி அவருக்கு மாத்திரம் உரியதா, அன்றிப் பிறரையும் கட்டுப்படுத்த வல்லதா என்பதே அவ்வினாவின் சாரம். அமெரிக்க உளவியலாளரான வில்லியம் ஜேம்ஸ் 1902 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமய அநுபவ வகைகள் பற்றிய நூலில் இதற்கு ஒரு விடை கூறினார். இறையநுபவம் அதனைப் பெற்றவர்மீது முழு அதிகாரம் உடையது. பெறாதவர் அதனை ஆராயாது ஏற்கவேண்டிய கடப்பாடு எதுவுமில்லை என்பது அவர் கூற்றின் திரண்ட பொருள். இது நேர்மையான விடையே. ஆயினும் அது அநுபவத்தைத் தனிமனிதனின் நெஞ்சுக்குள்ளே பூட்டிவைத்து விடுகின்றது. வரலாற்றில் அநுபவம் அவ்வாறு பூட்டப்பட்டுக் கிடந்ததில்லை. அது பாடலாகின்றது, பாடல் ஏட்டிலேறுகின்றது, கோயிலில் ஓதப்படுகின்றது, பின்னொரு காலத்தில் அச்சாகி விலைக்கு வருகின்றது. அதன்பேரிற் சங்கங்கள் கூடுகின்றன, வழக்குகளும் நடைபெறுகின்றன. ஆகவே, அநுபவத்தால் அறியலாமா என்று கேட்கும்போதே, எவருடைய அநுபவத்தை எவர் எதனைக்கொண்டு உண்மையெனச் சான்றுப்படுத்தினர் என்றும் நாம் கேட்டல் வேண்டும்.

தமிழ்ச் சமய வரலாற்றில் இவ்விரு வினாக்களும் ஒருங்கே, பகிரங்கமாக, அச்செழுத்தில் விவாதிக்கப்பட்ட சந்தர்ப்பம் ஒன்றுண்டு. இராமலிங்க அடிகளின் (1823–1874) பாடல்கள் 1867 ஆம் ஆண்டு ‘திருவருட்பா’ என்னும் பெயருடன் சென்னையில் வெளிவந்ததைத் தொடர்ந்தெழுந்த அருட்பா – மருட்பா விவாதமே அது. மறுபுறத்தில் முதன்மைபெற்று நின்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஓராண்டு இடைவெளியிற் பிறந்த இவ்விருவரும் ஒரே யுகத்தின் நெருக்கடிகளுக்கு முகங்கொடுத்தவர்கள். எனினும் எம்மிடையே இவ்விவாதம் இரு பெரியார்களுக்கிடையே நேர்ந்த மனத்தாங்கலாகக் கருதப்பட்டு, மரியாதையின் பெயரால் மறைக்கப்படுவதே வழக்கமாயிருந்தது. ப. சரவணன் தொகுத்து 2010 ஆம் ஆண்டு வெளிவந்த ‘அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு’ அக்காலக் கண்டன நூல்களை ஒருசேரக் கிடைக்கச் செய்துள்ளது. மூலங்கள் கைக்கெட்டியபின் மௌனத்துக்கு நியாயமில்லை. யார் வென்றார் என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அநுபவம் பிரமாணமாகும் விதத்தையும், அது பிரமாணமாக மறுக்கப்படும் விதத்தையும் வரலாற்றின் அடிப்படையில் விளங்கிக்கொள்ளவே நாம் முயல்கின்றோம்.

2

சைவசித்தாந்தம் இவ்வினாவை அறியாததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சிவஞானசித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் அளவைகளைப் பற்றிக் கூறிய பின்னரே நூலின் பிற பகுதிகளுக்குச் செல்கின்றார். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகள் யாவும் அடங்கும் என்பது அவர் கொள்கை. காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக்காட்சி எனச் சித்தாந்திகள் நால்வகைப்படுத்துவர். இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்து அறிவது தன்வேதனைக் காட்சி. யோக சமாதியினால் இடமும் காலமும் கடந்து அறிவது யோகக்காட்சி. அதாவது, தனிமனித அநுபவத்துக்குச் சித்தாந்த அளவையியலில் முறையான இடம் உண்டு. அதனைப் புறக்கணித்தவர்கள் என்று சித்தாந்திகளை எவரும் குறைகூற இயலாது.

எனினும் அவ்விடம் எல்லையிடப்பட்ட இடமாகும். சுருதி, யுக்தி, அநுபவம் என்னும் மூன்றும் தம்முள் இயைதல் வேண்டும் என்பது சைவரும் வேதாந்திகளும் ஒப்பக் கையாண்ட விதி. நூலோடு முரணாத அநுபவமே அநுபவம். முரணுமாயின் அது மருள். இவ்விதி தருக்கமுறையிற் செம்மையானதாகத் தோன்றலாம். ஆனால் நூலை ஓதுவதற்கு உரியவர் யார், தீட்சை பெறுவதற்கு உரியவர் யார், நூற்பொருளை உரைக்கும் அதிகாரம் எம்மடத்துக்கு உரியது என்னும் வினாக்களை எழுப்பியவுடனே, தருக்கவிதிக்குப் பின்னால் ஒரு சமூக ஒழுங்கு நிற்பதைக் காணலாம்.

இவ்வொழுங்கு உருவான வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் சமணத்தைவிட்டுச் சைவத்துக்கு மீண்டமைக்குக் காரணம் அவருடைய உடலை வருத்திய சூலைநோய் என்பது மரபு. வாதில் தோற்றதனாலன்றி வலியினால் ஏற்பட்ட மாற்றம் அது. பக்தி இயக்கத்தின் தொடக்க வேகத்தில் இத்தகைய நேரநுபவமே உயிராயிருந்தது. ஆனால் சோழப் பேரரசு நிலைபெற்றபோது நிலைமை மாறியது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிலே திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரை நியமித்து அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்தமை கல்வெட்டினாற் புலனாகும். ஒருவருடைய நோவிலும் நெகிழ்விலும் பிறந்த பாடல், நெல்லைக் கூலியாகக்கொண்ட ஓர் உத்தியோகமாயிற்று. நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தமையும், பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரியபுராணம் பாடியமையும் இப்போக்கின் அடுத்த படிகளாம். பேரரசுக்கும் சைவசித்தாந்தப் பெருந்தத்துவத்துக்குமிடையே நிலவிய உறவினைப் பேராசிரியர் க. கைலாசபதி ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அதனை ஈண்டு மீளக்கூற வேண்டியதில்லை. எமது நோக்கிற்கு வேண்டுவது ஒன்றே: நாயன்மாரின் அநுபவம் ‘உண்மை’ என நிலைபெற்றது அவர்தம் நெஞ்சில் மாத்திரமன்று, கோயில், நிலம், அரசு என்னும் மூன்றும் சேர்ந்தே அதற்கு முத்திரையிட்டன.

இம்முத்திரைக்கு எல்லோரும் ஒரே விலை கொடுக்கவில்லை. திருநாளைப்போவாரின் வரலாறு இதற்குச் சான்று. புலையர் குலத்திற் பிறந்த அவரது பத்தியைப் பெரியபுராணம் எவ்விதத்திலும் ஐயுறவில்லை. ஆயினும் தில்லைக் கோயிலுள் நுழைவதற்கு அவர் தீயில் மூழ்கி வேறோர் உருவத்தோடு எழவேண்டியிருந்தது. அநுபவம் ஒப்புக்கொள்ளப்பட்டது; அநுபவித்த உடல் ஒப்புக்கொள்ளப்படவில்லை. சிவவாக்கியர் முதலாய சித்தர்களோ கோயிலையும் சாதியையும் பழித்தமையாற் பன்னிரு திருமுறை வரம்புக்குப் புறத்தே நின்றனர். அவர்கள் தமது உடலையும் உணர்வையுமே ஆதாரமாகக் கொண்டவர்கள். சான்றுப்படுத்த மடமோ மன்னனோ அவர்களுக்கு இருந்ததில்லை.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே இவ்வினா வேறொரு வாயிலாக வந்து சேர்ந்தது. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 இலும், அமெரிக்க மிஷனரிமார் 1816 இலும் இங்கு பணிதொடங்கினர். இவர்கள் கொணர்ந்தது கத்தோலிக்கரின் சடங்குநெறியினின்றும் வேறுபட்ட கிறித்தவம். மெதடிஸத்தின் மூலவரான ஜோன் வெஸ்லி 1738 மே 24 ஆம் நாள் இலண்டனிற் பெற்ற உள்ளநெகிழ்வினைத் தம் வாழ்வின் திருப்புமுனையாகக் கருதியவர். பிறப்பும் ஞானஸ்நானமும் மாத்திரம் போதா. தன் பாவத்தை உணர்ந்து உள்ளம் மாறியதை ஒவ்வொருவரும் தாமே அநுபவித்தல் வேண்டும், அதனைச் சபையின்முன் சாட்சியாகக் கூறல் வேண்டும் என்பது அவ்வகைக் கிறித்தவத்தின் உயிர்நிலை. தனிமனித அநுபவத்தைச் சமய உண்மையின் உரைகல்லாக்கிய கோட்பாடு இதுவாகும். குடும்பம், சாதி, ஊர் ஆகியவற்றினின்றும் மனிதனைப் பிரித்தெடுத்து, தனியொருவனாகத் தீர்மானிக்கச் செய்யும் இக்கோட்பாட்டுக்கும் வளர்ந்துவந்த முதலாளித்துவ சமூகத்தின் தனிமனிதவாதத்துக்கும் உள்ள உறவு வெளிப்படை.

அச்சாட்சியங்களையும் பொருளியல் நிலைமைகள் சும்மா விடவில்லை. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. அங்கு கற்ற ஆங்கிலம் ஆன்ம ஈடேற்றத்தைவிட அரசாங்க உத்தியோகத்துக்கே மிகுதியும் வழிகாட்டியது என்ற அதிருப்தி அம்முடிவுக்கு ஒரு காரணமாயிருந்தது. உள்ளம் மாறியதா, உத்தியோகம் வேண்டியிருந்ததா என்பதைப் பிரித்தறியும் கருவி மிஷனரிமாரிடத்தும் இருக்கவில்லை.

நாவலர் இச்சூழலின் நடுவே வளர்ந்தவர். வெஸ்லியன் பாடசாலையிற் கற்றுக் கற்பித்தவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டவர். 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார், 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சியந்திரத்தைத் தருவித்தார், வினாவிடை நூல்களையும் எளிய வசனநடையையும் கையாண்டார். மிஷனரிமாரின் கருவிகளை அவர்களுக்கெதிராகவே திருப்பிய திறம் இதுவென நாவலர் பற்றிய ஆய்வுகள் யாவும் கூறும். ஆனால் அவர் எடுத்துக்கொள்ளாது விட்டது எது என்பதும் அதேயளவு முக்கியமானது. பிரசங்கத்தை எடுத்தார், அச்சை எடுத்தார், பாடசாலையை எடுத்தார். உள்ளமாற்றச் சாட்சியத்தை எடுக்கவில்லை. அதன் இடத்தில் அவர் வைத்தவை ஆகமம், சமயதீட்சை, நித்திய அனுட்டானம், பிழையற்ற பதிப்பு ஆகியவை. சைவனாவது யாது என்ற வினாவுக்கு ‘யான் இவ்வாறு உணர்ந்தேன்’ என்பது அவரிடத்து விடையாகாது. ‘நூல் இவ்வாறு விதித்தது’ என்பதே விடையாகும். தில்லைத் தீட்சிதர்களுடன் அவர் மோதியதும் சைவாகமவிதி, தீட்சை என்பன தொடர்பாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது. பிறப்பால் வரும் உரிமைக்கும் அவர் நூல்விதியையே மறுமொழியாக வைத்தார்.

இந்நிலைப்பாட்டைப் பிற்போக்கு என ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றுணர்வற்ற செயலாகும். அந்நிய ஆட்சியின் ஆதரவுடன் வந்த ஒரு சமயம், மனிதரை ஒவ்வொருவராகச் சமூகத்தினின்றும் பிரித்தெடுத்தபோது, அச்சமூகத்துக்கு ஓர் எல்லைச்சுவர் வேண்டியிருந்தது. நூலும் அனுட்டானமும் அச்சுவராயின. மேலும், மடங்களில் ஏட்டுருவிற் கிடந்தவற்றை அச்சிட்டு வெளியிட்டதன் மூலம் நூலறிவை அவர் முன்னெப்போதுமில்லாத அளவு பரவச் செய்தார். ஆனால் அச்சுவரின் உள்ளமைப்பு வேளாள மேலாண்மையின் ஒழுங்கேயாம். சாதியாசாரத்தைச் சைவாசாரத்தின் கூறாக அவர் ஏற்றமைக்கு அவருடைய நூல்களே சான்று. காலனித்துவ எதிர்ப்பும் நிலவுடைமைப் பாதுகாப்பும் ஒருவரிடத்தே பிரிக்கவொண்ணாது பிணைந்திருந்தன. இம்முரண்பாடு அவருடைய தனிப்பட்ட குறையன்று. அவர் பிரதிநிதித்துவப்படுத்திய வர்க்கத்தின் வரலாற்று நிலைமை.

4

இராமலிங்கர் வேறொரு தளத்திலிருந்து வந்தார். கிராமக் கணக்கு எழுதும் கருணீகர் குலத்திற் சிதம்பரத்தையடுத்த மருதூரிற் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். ஆதீனம் எதனிலும் அவர் பயின்றதில்லை, பட்டமும் பெற்றதில்லை. அவருடைய அன்பர்கள் பெரும்பாலும் சென்னையைச் சேர்ந்த ஆசிரியர், வணிகர், சிற்றுத்தியோகத்தர் ஆகியோரே. பாடல்களைத் தொகுத்து வகுத்த தொழுவூர் வேலாயுத முதலியாரும், அவற்றைக் கேட்டுப் பெறுவதில் விடாமுயற்சி காட்டிய இறுக்கம் இரத்தின முதலியாரும், அச்சுக்குப் பொருளுதவிய மயிலைச் சிக்கிட்டிச் செட்டியாரும் இப்பிரிவினரே. கோயில் மானியத்தையும் மடத்தையும் நம்பியிராத ஒரு நகர்ப்புற மத்தியதர வர்க்கம், தனக்கென ஒரு ஞானியைத் தானே தெரிந்து, தானே பதிப்பித்துக்கொண்டமை புதிய நிகழ்ச்சியாகும். அச்சியந்திரம் அதனைச் சாத்தியமாக்கியது. சோழர் காலத்தில் அரசு செய்த காரியத்தை 1867 இல் அச்சகமும் சந்தாப்பணமும் செய்தன.

பதிப்பின் அமைப்பே அதன் உரிமைக்கோரலை உணர்த்திற்று. ‘திருவருட்பா’ என்னும் பெயர், ‘திருமுறை’ என்னும் பகுப்பு, ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் சிறப்புப்பெயர், அடிகளின் அருட்செயல்களைக் கூறி வேலாயுத முதலியார் பாடிச் சேர்த்த வரலாறு ஆகிய யாவும் இப்பாடல்கள் தேவார திருவாசகங்களின் வரிசையில் வைக்கத்தக்கவை எனக் கூறாமற் கூறின. அடிகள் இதனை எவ்வளவு விரும்பினார் என்பது வேறு வினா. தம்மை ‘இராமலிங்கசாமி’ என வழங்குவதைக்கூட விரும்பாது அவர் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதம் உண்டு.

இதற்கு மறுப்பாகவே ‘போலியருட்பா மறுப்பு’ வெளிவந்தது. மாவண்டூர்த் தியாகேச முதலியார் பெயரில் வெளியிடப்பட்டதாயினும் அதனை எழுதியவர் நாவலரே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதன் வாதம் பின்வருமாறு: அருட்பா என்னும் பெயர் சிவனருளை நேரே பெற்றோர் அருளிய தேவாரம், திருவாசகம் முதலியவற்றுக்கே உரியது. அருள் பெற்றமைக்கு அவர்கள் செய்த அற்புதங்கள் சாட்சி. ஏடு தீயில் வேகாதிருந்தது, வைகையை எதிர்த்துச் சென்றது. கல் கடலில் மிதந்தது. இக்காலத்தில் ஒருவர் பாடிய பாட்டுக்கு அப்பெயரிடுவதும், அதனைக் கோயிலிலே தேவாரத்துக்குரிய இடத்திற் பாடுவதும் சைவத்துக்கு இழைக்கும் கேடு. இவை அருட்பா அல்ல, மருட்பா.

இவ்விடத்தில் இரண்டு உண்மைகளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, 1867 இல் அச்சேறியவை முதல் நான்கு திருமுறைகள். அவற்றிலுள்ள பாடல்கள் ஒற்றியூரையும் தில்லையையும் போற்றும் மரபுவழிப் பத்திப் பாடல்களே. சாதியையும் சமயபேதத்தையும் வேதாகமங்களின் முழுமையையும் வெளிப்படையாக மறுக்கும் பாடல்களைக் கொண்ட ஆறாம் திருமுறை 1885 இலேதான் வெளிவந்தது. அப்போது அடிகளுமில்லை, நாவலருமில்லை. எனவே நாவலர் தரப்பினர் கண்டித்த நூலிற் சைவக் கொள்கைக்கு நேர்முரணானவை அரியன. பூசல் கொள்கை பற்றியதாயிருந்திருப்பின் அது 1885 இல் எழுந்திருத்தல் வேண்டும். 1867 ஐ அடுத்து எழுந்தமையால் அது அதிகாரம் பற்றியதே என்பது தெளிவு. அருள் பெறும் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கின்றதா என்பதே அடிப்படை வினா. தொடர்கின்றதென்றால் திருமுறையின் எல்லை திறந்துவிடும். எல்லை திறந்தால் நாளை எக்குலத்தவரும் வந்து ‘யானும் கண்டேன்’ எனக் கூறலாம்.

இரண்டாவது, இரு தரப்பாரும் ஒரே உரைகல்லைக் கையாண்டனர். நாவலர் தரப்பு நாயன்மாரின் அற்புதங்களைக் காட்டியது. அடிகள் தரப்பு கருங்குழியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் விளக்கெரிந்ததைக் காட்டியது. உள்ளநுபவம் தன்னளவிற் போதிய சான்றாகாது, பிறர் காணத்தக்க புறநிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்பதை இருசாராரும் ஒப்புக்கொண்டனர் என்பதே இதன் பொருள். ஆனால் அப்புறச்சான்றும் நேரிற் கிடைப்பதாயில்லை. நாயன்மாரின் அற்புதத்தை நாம் அறிவது பெரியபுராணத்தால். பெரியபுராணத்தை நம்புவது அதன் அருண்மையால். நூல் அற்புதத்தை நிறுவ, அற்புதம் நூலை நிறுவுகின்றது. தண்ணீர் விளக்குக்கும் அடியார் வாய்மொழியன்றி வேறு சாட்சியில்லை. நாவலரின் தருக்கநுட்பம் பிறர் வாதத்தின் ஓட்டைகளைக் கண்டுகொண்டது. அதே ஓட்டை தம் வாதத்திலும் உண்டென்பதை அது நோக்கவில்லை.

1869 ஆம் ஆண்டில் விவாதம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தை அடைந்தது. சிதம்பரத்தில் தம்மை இழித்துப் பேசினர் என நாவலர் வழக்குத் தொடுத்தார். அடிகள் நுழைந்தபோது நாவலரும் தம்மையறியாது எழுந்து நின்றார் என ஒரு சாரார் கூறுவர். மறுசாரார் கூறும் கதை வேறு. எமக்கு அக்கதைகளைவிட அம்மன்றின் இயல்பே முக்கியமானது. அருள் உண்மையா, மருள் உண்மையா என்பதை ஆங்கிலச் சட்டம் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் இயலாது. அவதூறு நிகழ்ந்ததா என்பது மாத்திரமே அதற்குரிய வினா. முன்பு மன்னனின் அவையிற் சமணரும் சைவரும் வாதிட்டபோது அரசனே சமய உண்மையைத் தீர்ப்பவனாகச் சித்திரிக்கப்பட்டான். காலனித்துவ அரசு அப்பொறுப்பினின்றும் நீங்கிக்கொண்டது. அநுபவத்துக்கு முத்திரையிட இனி அரசு இல்லை. அதனாலேயே அச்சுக் கண்டனங்கள் அவ்வளவு கடுமையடைந்தன. தீர்ப்பளிப்பார் இல்லாதவிடத்து உரத்துப் பேசுவதே வழியாயிற்று. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் ஆகியோர் மறுபுறமும் நின்று இதனைத் தொடர்ந்தனர். இசுலாமியரான பாவலர் அருட்பாவுக்காக வாதிட்டமை, அநுபவத்தின் அதிகாரம் சமய எல்லையையும் கடந்து செல்லவல்லது என்பதற்கு எடுத்துக்காட்டு.

5

விவாதத்தின் ஆரவாரத்திற் பலர் கவனியாத ஒன்று, இவ்வினாவுக்கு இராமலிங்கரின் பிற்கால வாழ்வே தரும் விடையாகும்.

1873 அக்டோபர் 22 ஆம் நாள் மேட்டுக்குப்பத்திற் கொடியேற்றி அவர் நிகழ்த்திய பேருபதேசத்தில், தமக்கு முன்னர்ச் சைவசமயத்தின்பாலிருந்த பற்றுப் பெரிதென்றும், அது போதிய அறிவில்லாத காலத்தது என்றும், இப்போது அது நீங்கிற்றென்றும் கூறினார். தாம் முன்பு பாடியவையே அப்பழைய பற்றுக்குச் சாட்சி எனவும் சுட்டினார். இக்கூற்றின் ஆழத்தை நாம் உணர்தல் வேண்டும். தணிகையில் முருகனைக் கண்டு உருகிய அநுபவமும் அவருடையதே. அருட்பெருஞ்ஜோதியாகக் கண்ட அநுபவமும் அவருடையதே. பின்னது முன்னதைத் திருத்துகின்றது. அநுபவம் தானே தனக்குச் சான்றாயின் ஓர் அநுபவம் மற்றோர் அநுபவத்தைத் திருத்துதல் எங்ஙனம் கூடும்? இரண்டும் ஒத்த உறுதியுடன் ஒரே நெஞ்சில் எழுந்தவையல்லவா? நாவலரின் தருக்கம் அடைய முடியாத இடத்தை அடிகளின் நேர்மை அடைந்துவிட்டது. உறுதியான உணர்வு உண்மைக்கு உத்தரவாதமாகாது என்பதைத் தம் வாழ்வைக் கொண்டே அவர் ஒப்புக்கொண்டார். அவ்வுபதேசத்தில் இடைவிடாத விசாரத்தை அவர் வற்புறுத்தியதும் இதனாலேயாகும். விசாரமென்பது அநுபவத்துக்கு அப்பாலும் நின்று வினவுதல்.

அப்படியாயின் எஞ்சும் உரைகல் எது? அடிகள் அதனைப் பசியிற் கண்டார். 1866 ஆம் ஆண்டுப் பஞ்சத்தைச் சென்னை மாகாணம் கண்டதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 ஆம் நாள், பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில், வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அருட்பா அச்சான ஆண்டும் அதுவே. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் அவரது வசனநூல், பசி உடலையும் கரணங்களையும் அறிவையும் படிப்படியாக எவ்வாறு அழிக்கின்றது என்பதை நுணுக்கமாக விவரிக்கின்றது. சித்தாந்தியின் சொல்லிற் கூறுவதாயின் பசி தன்வேதனைக் காட்சிக்கு உரியது. ஒவ்வொருவரும் தாமே அறிவது. ஆனால் ஏனைய அகவநுபவங்களைப் போலன்றி, எவரும் அதனை இன்னொருவரிடத்து ஐயுறுவதில்லை. அதனைச் சான்றுப்படுத்த ஆகமமோ அற்புதமோ ஆதீனமோ வேண்டப்படுவதில்லை. ஒரு பிடி சோறு அதனை நீக்குவதை யாவரும் காணலாம். உயிரிரக்கத்தையே கடவுளை அறியும் வழியாக அடிகள் வைத்தபோது, சமய அநுபவம் முதன்முறையாகப் பொதுவில் சோதிக்கத்தக்க ஒரு செயலுடன் பிணைக்கப்பட்டது. அறிவின் உண்மை நடைமுறையிலேயே நிறுவப்படும் என்னும் கோட்பாட்டினை மார்க்ஸ் ஐரோப்பாவில் வகுத்த நூற்றாண்டில், அதனை அறியாத ஒருவர் தென்னார்க்காட்டுச் சிற்றூரில் அதன் சமயவடிவம் ஒன்றை எட்டித்தொட்டார் எனல் மிகையாகாது.

எட்டித்தொட்டார் என்றே கூறுகின்றோம். அடைந்தார் எனக் கூறவில்லை. பசியைக் கண்டவர் பசியை உண்டாக்கும் நிலவுறவுகளைக் காணவில்லை. சோறிடுவோரின் இரக்கத்தை வேண்டினாரேயன்றி உழுவோருக்கு நிலம் வேண்டுமெனக் கேட்டாரல்லர். அடிகளை விவசாயிகளின் புரட்சியாளராகச் சித்திரிப்பது அவரை ஏட்டுச் சித்தராக ஒடுக்குவதற்குச் சமமான பிழையாகும்.

நாவலருக்கும் நாம் நியாயஞ்செய்தல் வேண்டும். 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது அவர் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். பிரமாணத்தில் இணங்காத இருவர் கஞ்சியில் இணங்கினர். வேறுபாடு யாதெனின், நாவலருக்கு அது சைவன் செய்யவேண்டிய தருமங்களுள் ஒன்று. அடிகளுக்கு அதுவே உண்மையை அறியும் கருவி.

6

இவ்விவாதத்தைப் பழங்கதையாக எண்ணுவோர் யாழ்ப்பாணத்துச் சமயவாழ்வைச் சற்று உற்றுநோக்குதல் தகும். நாவலரின் நூல்நெறி ஆட்சிசெய்த அதே மண்ணிலேதான் கடையிற்சுவாமி, நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பாசுவாமி, யோகர்சுவாமி (1872–1964) எனத் தொடரும் ஞானியர் பரம்பரையும் போற்றப்பட்டது. அவர்களுடைய அதிகாரம் தீட்சையினாலோ பதிப்பினாலோ வந்ததன்று; முற்றாக அநுபவத்தினால் வந்தது. பித்தரைப்போல் திரிந்தவர்களை உத்தியோகத்தரும் பண்டிதரும் பணிந்தனர். இது முரண்பாடாகத் தோன்றினும் சமூகவியல் நோக்கில் விளங்கக்கூடியதே. தேரடியில் நிகழும் அநுபவம் கோயிலின் உள்வாயிலை யார் கடக்கலாம் என்ற ஒழுங்கைத் தீண்டாதவரையில், அதனைப் போற்றுவதில் எவருக்கும் நட்டமில்லை.

உள்வாயிலைத் தீண்டியபோது நிலைமை வேறாயிற்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேற்றப்பட்டிருந்தும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் உள்நுழையும் உரிமை கோரி நின்ற ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். அவர்களுடைய பத்தி உண்மையானதா என எவரும் வினவவில்லை. ஆகமமும் வழக்கமுமே விடையாகக் காட்டப்பட்டன. நந்தனாருக்குத் தில்லையில் மூட்டிய தீ, ஆயிரமாண்டு கடந்தும் அணைந்தபாடில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இவ்வாறு அமையும். சமய அநுபவம் அநுபவம் என்ற வகையில் உண்மையானது. அதனைப் பொய்யென ஒதுக்கும் கொச்சைப் பொருள்முதல்வாதம் மனித வரலாற்றின் ஒரு பெரும்பகுதியை விளங்கிக்கொள்ளாது போகும். ஆனால் அவ்வநுபவம் சுட்டும் பொருள் உண்மையென்பதற்கு அவ்வநுபவமே சான்றாகமாட்டாது. இராமலிங்கரின் வாழ்வு இதனை நிறுவுகின்றது. அதற்கு நூலும் சான்றாகமாட்டாது. நாவலரின் வாதம் சுழலும் வட்டம் இதனை நிறுவுகின்றது. சான்றுப்படுத்தும் அதிகாரம் எப்போதும் ஒரு சமூக அதிகாரமாகவே இருந்துவந்துள்ளது. அதனால் ‘யான் கண்டேன்’ என்னும் கூற்று, அதிகாரம் மறுக்கப்பட்டோரின் வாயில் ஒரு விடுதலைக் குரலாகவும், அதிகாரம் படைத்தோரின் வாயில் வினாவை அடைக்கும் கதவாகவும் ஒலிக்கின்றது. எவர் வாயிலிருந்து, எக்காலத்தில், எவ்வாயிலின் முன் அது ஒலிக்கின்றது என்பதைக் கொண்டே அதனை நாம் மதிப்பிடல் வேண்டும்.

வடலூரில் 1867 இல் மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாது எரிகின்றது என்பர். அது அடிகளின் அறத்துக்குப் பெருமை சேர்ப்பதே. ஆனால் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவ்வடுப்புக்கு வேலையிருக்கின்றது என்பது எமது சமூகத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று. அநுபவமா நூலா என்ற பழைய விவாதத்தை அதற்குரிய மரியாதையுடன் ஆராய்ச்சிக்கு உரியதாக்கி, அப்பசியின் காரணங்களை ஆராய்வதே இனி எஞ்சியுள்ள விசாரமாகும்.